மூன்று பத்துக்கு ஒரு கோடு

எனக்குத் தொழில் நில அளவை.
பேர்னு நகரத்துக்குத் தெற்கே
பைன் காடு முடிந்து சதுப்பு தொடங்கும் இடங்களில்
இவர் வேலி இதுவரை, அவர் புல் அதுவரை என்று
முளையடித்துத் தருகிறவள்.
கோடரியோடு வந்தவன்கூட
என் கயிற்றைத் தாண்டியதில்லை.

ஜூலைக் கடைசி.
பால்டிக் கடல் அந்த வருஷம்
குடிக்க மறந்த தேநீர் போல் வெதுவெதுத்துக் கிடந்தது.
படகுத்துறைப் பலகையில் துருத்திய ஆணி.
முழங்காலுக்குக் கீழே ஒரு கீறல்,
நகக்கண் அகலம்.
ஐனார் பிளாஸ்திரி ஒட்டினான்.
புகையில் வாட்டிய மீனைக் கையால் பிய்த்துத் தின்றோம்.

லூபஸ் வந்து பதினோரு வருஷம்.
என் உடம்பு என்னையே வேற்றாள் என்று நினைத்து
மூட்டு மூட்டாகக் குடைந்து பார்க்கும்.
அதைத் தூங்கவைக்க
ஏழு அறை டப்பாவில் வெள்ளை வட்டங்கள்.
அவை ஊதிவிட்ட முகத்தை
நிலா முகம் என்கிறார்கள் மருத்துவர்கள்.
அந்தப் பெயரைச் சொல்லி
யாரும் என்னைக் காதலித்ததில்லை.

"பார்த்தால் ஒன்றும் தெரியவில்லையே."
மேலாளர் சொன்னார். பல் மருத்துவர் சொன்னார்.
என் தங்கை, பிறந்தநாள் கேக்கை வெட்டிக்கொண்டே சொன்னாள்.
அதனால்தான்
பத்துக்கு எவ்வளவு வலி என்று கேட்டால்
எப்போதும் ஆறு என்பேன்.
ஆறு சொன்னால் நம்புவார்கள்.
எட்டு சொன்னால் புருவம் உயரும்.

இரவு ஒன்றரை.
வானம் இன்னும் முழுசாக இருட்டியிருக்கவில்லை.
காலுக்குள் யாரோ
பழுத்த கம்பியை இழுத்து இழுத்துப் பின்னினார்கள்.
விளக்கைப் போட்டால்
லேசாக ஒரு சிவப்பு, கொசு கடித்த மாதிரி.
தெர்மாமீட்டரில் முப்பத்தேழு புள்ளி இரண்டு.
என் காய்ச்சலையும்
மாத்திரை தூங்கவைத்திருந்தது.

அவசரப் பிரிவில் இளம் மருத்துவர்
காலைத் திருப்பினார், மடக்கினார்.
"தசைப்பிடிப்பாக இருக்கலாம். பார்த்தால்..."
மீதியை நானே சொல்லி முடித்தேன்.

ஊர்வே என்ற செவிலி
திரைக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள்,
கத்தரித்த நரைமுடி, சட்டைப்பையில் பாதி கடித்த ஆப்பிள்.
பத்துக்கு எவ்வளவு என்றாள்.
பதினாலு.
அவள் சிரிக்கவில்லை.
பேனா எடுத்தாள்.
சிவப்பின் ஓரத்தைச் சுற்றி ஒரு கோடு,
கோட்டுக்கு மேலே நேரம்: 3.10.
கொஞ்சம் கோணல்தான்.
நானாக இருந்தால் இன்னும் நேர்த்தியாக இழுத்திருப்பேன்.

மூன்று நாற்பதுக்குத்
திரும்பி வந்து போர்வையை விலக்கினாள்.
சிவப்பு வெளியே நின்றது.
அரை மணிக்கு இரண்டு விரல்.
அளந்தே பிழைத்தவளுக்குக்
கணக்கு தானாக ஓடியது:
விடிவதற்குள் தொடை. அப்புறம் வயிறு. அப்புறம்

மேரிகே வந்தாள்,
கன்னத்தில் தலையணை மடிப்போடு.
அவள் பார்க்கவில்லை, அழுத்தினாள்.
நான் கத்தியதைக்
கடைசிவரை கேட்டாள்.
"மேலே தோல் இருக்கிறது, அடியில் செத்துக்கொண்டிருக்கிறது.
இப்பவே வெட்டணும்.
கால் போகலாம். கையெழுத்துப் போடுங்கள்."
எத்தனையோ பத்திரங்களில் போட்ட கையெழுத்து.
இதில் என் எல்லை எதுவென்று
யாரும் எழுதியிருக்கவில்லை.

ஆறு நாளில் மூன்று முறை வெட்டினார்கள்.
கட்டிலின் இரண்டு பக்கமும் நின்று
எனக்குள் இருக்கும் காவலை
எழுப்புவதா, தூங்கவிடுவதா என்று
மருத்துவர்கள் தாழ்ந்த குரலில் சச்சரவிட்டார்கள்.
எழுப்பினால் அது என்னைத் தின்னும்.
தூங்கவிட்டால் கடல் தின்னும்.
மாத்திரையைச் சட்டென நிறுத்தினாலும் சாவுதான்.
அரை மயக்கத்தில் எனக்கு
வாய்க்கால் தகராறு கேட்பது போலிருந்தது.

கால் இருக்கிறது.
கெண்டைச்சதை இருந்த இடத்தில் ஒரு பள்ளம்:
இருபத்தாறுக்கு ஒன்பது சென்டிமீட்டர்.
தொடையிலிருந்து உரித்த தோல்
வலைக்கண்ணோடு ஒட்டியிருக்கிறது.

ஊர்வே போட்ட கோடு
வெட்டிய சதையோடு போய்விட்டது.
மூன்றும் புள்ளியும் ஒன்றும் போயின.
பூஜ்யம் மட்டும்
தையலின் விளிம்பில்
மருந்து நீரில் மங்கி, போகாமல் இருந்தது.
ஐனார் துணியை நனைத்துத் துடைக்க வந்தான்.

விடு, என்றேன்.